மேஸ்திரி செய்யச் சொன்ன ரிவால்வர்

அந்த ரிவால்வரைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். சுழலும் உருளை நிக்கல் பூச்சில் வெள்ளையாகப் பளபளக்கும். உடம்பு அடுப்புக்கரிக் கறுப்பு. கைப்பிடியோ தேன் நிறத்து மரம். ஒரே வீட்டுக்கு மூன்று ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்த மருமகள்கள் மாதிரி ஒன்றின் சாயல் மற்றதில் இருக்காது. குழாயின் வாயைப் பார்த்தால் இன்னும் சிரிப்பு வரும். அது முழுக்க இரும்பால் அடைபட்டிருக்கும். குண்டு அதற்குள் நுழையவும் முடியாது, அதிலிருந்து வெளியே வரவும் முடியாது. ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கி வைப்பதற்கென்றே செய்த துப்பாக்கி அது. அதைக் கொண்டு ஒரு காக்காயைக்கூட விரட்ட முடியுமே தவிர வீழ்த்த முடியாது. அப்படிப்பட்ட ஒன்று தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பெண்பிள்ளையின் தலையெழுத்தைத் திருத்தி எழுதியது. அதைச் செய்யச் சொன்னவர் கோயமுத்தூர் பஞ்சாலை ஒன்றின் தறி மேஸ்திரி. அவரை நினைக்காமல் என் வாழ்வில் ஒரு விளையாட்டு விழாகூடக் கழிந்ததில்லை.

நான் அப்போது காது கேளாத பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கழுத்தில் புது விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய், மூச்சுப் பிடித்து ஊதினேன். பக்கத்துத் தெருவில் நின்ற பால்காரர் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகளில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. என் புத்திக்கு நானே சிரித்துக்கொண்டு விசிலைக் கழற்றி மேசை டிராயரில் போட்டவள்தான், அதன் பிறகு கையை வீசியும் காலைத் தட்டியும் வேலை பார்க்கப் பழகினேன். எனக்குக் குரல் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. குரலுக்கு அங்கே வேலையில்லாமல் போனதால் கோபம் முழுவதையும் முகத்திலேயே காட்ட வேண்டியிருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயந்ததைவிட, எனக்குப் பின்னால் நின்று அதே மாதிரி செய்து காட்டிச் சிரித்ததுதான் அதிகம்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி தாராபுரத்துக்காரி. அமராவதி ஆற்றங்கரை வயல்களில் கூலி வேலை செய்யும் குடும்பம். பத்தாம் வகுப்பில் இருந்தாள். நூறு மீட்டரை அவள் ஓடும்போது கால் தரையில் படுகிறதா என்று எனக்கே சந்தேகம் வரும். எங்கள் மாதிரிப் பள்ளிகளுக்கென்று தனியாக நடக்கும் போட்டிகளில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் வரமுடியாது. நான்தான் பேராசை பிடித்து அவளை எல்லாப் பள்ளிகளும் கலந்துகொள்ளும் மாவட்டப் போட்டிகளில் இறக்கினேன். அங்கேதான் வினை. மற்ற பெண்கள் துப்பாக்கிச் சத்தத்துக்குக் கிளம்புவார்கள். இவள் பக்கத்துத் தடத்துப் பெண் அசைவதைப் பார்த்துக் கிளம்புவாள். நூறு மீட்டரில் அந்த ஒரு கணம் என்பது கிணற்றில் விழுந்த வாளி. எடுக்கவே முடியாது. கடைசி இருபது மீட்டரில் புயல்போல வந்து மூன்றாவதாகவோ நான்காவதாகவோ முடிப்பாள். எல்லாரும் வந்து, "பாவம், காது மட்டும் கேட்டிருந்தா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் "பாவம்" என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

அந்த வருடம் அவளுடைய அப்பா விடுதிக்கு வந்தார். சட்டைப் பையில் பஸ் டிக்கெட்டை மடித்து வைத்திருந்தார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "காங்கேயத்துல தேங்காய்க் களத்துல வேலை சொல்லி வெச்சிருக்கேனுங்க டீச்சர். பத்து முடிச்சதும் கூட்டிட்டுப் போயர்றேனுங்க. காது கேக்காத புள்ளைக்கு இதுக்கு மேல படிப்பு எதுக்குங்க?" என்றார். நான் என் பெரிய குரலை எடுத்தேன். அவர் என்னைவிட நிதானமானவர். கடைசியில் ஒரு வார்த்தை கொடுத்தார்: மாவட்டப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்து மாநிலப் போட்டிக்குத் தேர்வானால் படிக்கட்டும். இல்லையென்றால் போட்டி நடக்கும் மைதானத்திலிருந்தே ஊருக்கு அழைத்துப் போய்விடுவார், பரீட்சைக்கு மட்டும் கொண்டுவந்து விடுவார். இந்தப் பேச்சு நடக்கும்போது அவள் கதவோரம் நின்று எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கையால் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது.

மேஸ்திரி அந்த நாட்களில் மாவட்டம் முழுக்கப் பேர்பெற்ற ஸ்டார்ட்டர். பந்தயத்தைத் துப்பாக்கி வெடித்துத் தொடங்கி வைப்பவருக்கு அதுதான் பெயர். பஞ்சாலையின் தறிக்கூடத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் ஊழியம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஸ்டூலின் மேல் ஏறி நின்றாரென்றால், துப்பாக்கி வெடிக்கும் முன்பே பாதம் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். மந்திரி மகளாக இருந்தாலும் திரும்பி வந்து நிற்க வேண்டியதுதான். நேர்மைக்கு அவரைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவரைச் சொல்வார்கள். எனக்கு அவரிடம் பிடிக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான். பேசும்போது கண்ணைப் பார்க்கமாட்டார், வாயையே பார்ப்பார். ஒருமுறை பொறுக்கமுடியாமல், "என்னங்க மேஸ்திரி, என்ற வாயில என்ன சினிமாவா ஓடுது?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சிவந்துபோய், "தப்பா நெனைச்சுக்காதீங்க டீச்சர், மில்லுப் பழக்கமுங்க" என்றார்.

அந்த மில்லுப் பழக்கம் என்னவென்று பிறகுதான் கண்ணால் பார்த்தேன். அப்பா வந்துபோன வாரமே நான் தாராபுரத்துப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு மேஸ்திரியைத் தேடி ஆலை வாசலுக்குப் போனேன். ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தறிக்கூடத்துக்குள் நூற்றுக்கணக்கான தறிகள் ஒன்றாக அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவன் காதில் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை செய்பவர்கள் உதட்டைப் படிப்பார்கள், கையால் பேசுவார்கள். நூல் அறுந்தது, பாவு தீர்ந்தது, டீ குடிக்க வா, சூபர்வைசர் வருகிறான் உஷார், எல்லாவற்றுக்கும் ஒரு கை உண்டு. அந்தப் பழக்கம் வெளியே வந்தும் விடாது. சாலைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், நடுவில் பஸ் போய்க்கொண்டிருக்க, சண்டையே போட்டுக்கொண்டிருந்தார்கள் கையால். என் பெண் வாயைப் பிளந்து நின்றாள். அவளுக்கு அது தன் இனத்தார் ஊர் மாதிரி தெரிந்திருக்க வேண்டும். மேஸ்திரி வந்ததும் நான் விஷயத்தைச் சொல்லத் தொடங்கும் முன்பே இரண்டு பேரும் ஏதோ கையால் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். எங்கள் பள்ளிக் கை வேறு, ஆலைக் கை வேறு. ஆனாலும் அவர்களுக்கு அது ஒரு தடையாக இருக்கவில்லை.

நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். "நீங்க கொடியாவது வீசுங்க" என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டினார். "கொடி வீசுனா மத்த புள்ளைங்களுக்கு ஒண்ணு, இவளுக்கு ஒண்ணுன்னு ஆயிருமுங்க. எல்லாத்துக்கும் ஒரே துப்பாக்கிதான் வெடிக்கோணும்." தாடையைத் தடவியபடியே சொன்னார்: "இப்ப இருக்கறது இருபத்திரண்டு சைசுங்க. சின்னத் தோட்டா. பட்டுனு ஒரு சத்தம், அவ்வளவுதான். புகையே வராது. புகை வர்ற மாதிரி பெருசா ஒண்ணு செஞ்சுபோட்டா இவ கண்ணுலயே பாத்துக்குவாளுங்க." இதைத்தான் நான் அவருக்குப் பட்ட முதல் நன்றிக்கடனாக எண்ணுகிறேன். "பாவம்" என்று சொல்லாமல் "செஞ்சுபோட்டா" என்று சொன்ன முதல் ஆள் அவர்.

நகரத்தில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைகள் இரண்டோ மூன்றோதான் இருந்தன. அதில் ஒன்றைக் கணவர் காலமான பிறகு ஓர் அம்மா நடத்திவந்தார். கடையம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். மல்லிகைப்பூ வைத்த கொண்டை, மூக்குக் கண்ணாடி, கையில் அரம். பழுது பார்க்கும் வேலையையும் அவரேதான் செய்வார். தோட்டத்துக்காரர்கள் காட்டுப்பன்றிக்கு வைத்திருக்கும் லைசென்ஸ் துப்பாக்கிகள் அவர் பெஞ்சில் வரிசையாகக் கிடக்கும். மேஸ்திரி தனக்கு வேண்டியதைச் சொன்னதும் அவர் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார். "ஏனுங்க மேஸ்திரி, ஓட்டப் பந்தயத்துக்குப் புகை எதுக்குங்க? சாமிக்குச் சாம்பிராணியா போடப் போறீங்க?" என்றார். நான் என் பெண்ணை முன்னால் தள்ளி விஷயத்தைச் சொன்னேன். அவர் அரத்தைக் கீழே வைத்தார். பெண்ணின் கன்னத்தைத் தொட்டு, "ஓடற புள்ளையா கண்ணு நீயி?" என்று கேட்டார். பிறகு எழுந்து பரணிலிருந்து ஒரு தகர டப்பாவை இறக்கினார்.

வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட் கிளப்பில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து ஆண்டுதோறும் விளையாட்டு விழா நடந்துகொண்டிருந்ததாம். அதற்கென்று வாங்கிய ஸ்டார்ட்டிங் ரிவால்வர் ஒன்று உடம்பு விரிசல் விட்டு அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. அதன் கூடவே வந்தவைதான் டப்பாவில் இருந்த வெற்றுத் தோட்டாக்கள். முந்நூற்றெண்பது சைஸ். ஈயக் குண்டு இல்லாமல் கருமருந்தை மட்டும் அடைத்தவை. "இந்தச் சைசுக்கு இந்த ஊருல துப்பாக்கி இல்லீங்க. துப்பாக்கி வெச்சிருக்கறவங்களுக்கு இந்தத் தோட்டா ஆகாது. தோட்டா இருக்குது, சுடறதுக்கு ஆள் இல்ல" என்றார் கடையம்மா. கல்யாணமாகாத பெண்ணுக்கு வரன் தேடும் குரலில் சொன்னார். அதற்கு வரன் கொடுத்தவர் மேஸ்திரி. ஆலையின் விளையாட்டுச் சாமான் அறையில் துருப்பிடித்துக் கிடந்த, அதே கம்பெனிப் பழைய ரிவால்வர் ஒன்றை நிர்வாகத்திடம் கேட்டு வாங்கி வந்தார். அதில் உருளை இறுகிப்போயிருந்தது, ஆனால் உடம்பில் பழுதில்லை. ஒன்றின் உடம்பும் மற்றதன் உருளையும் சேர்ந்தால் ஒரு முழுத் துப்பாக்கி. கடையம்மா அதற்கும் மசியவில்லை. விளையாட்டுக் கழகத்தின் கடிதமும் போலீஸ் முத்திரையும் இல்லாமல் அரத்தைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். அந்த முத்திரைக்காக நான் ஸ்டேஷன் படியேறி இறங்கிய கதையைச் சொன்னால் அது தனிப் புராணம். கோபத்தை அடக்கத் தெரியாத எனக்கு அது நல்ல தவம்.

வேலை தொடங்கியபின் கடையே கலகலப்பாக ஆனது. மேஸ்திரி ஷிப்ட் முடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவார். அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சுத்தியலை இழுக்கும் சுருள்வில் இரண்டு துப்பாக்கியிலும் செத்துப்போயிருந்தது. கடையம்மா வெளியூருக்கு எழுதிப் போடலாம் என்றபோது, மறுநாள் தறியிலிருந்து கழித்த ஒரு சுருள்வில்லைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். "மேஸ்திரி, இது துப்பாக்கிங்க, துண்டு நெய்யற தறி இல்ல" என்றார் கடையம்மா. வைத்துப் பார்த்தால் பொருந்திவிட்டது. சிறிது வெட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதிலிருந்து அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. மரக் கைப்பிடி உளுத்துப்போயிருந்ததற்கு உடைந்த ஷட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். தறியில் நூலைச் சுமந்துகொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடும் மரத்துண்டு. பல வருட ஓட்டத்தில் எண்ணெய் குடித்து வழவழத்திருந்தது. அதை இரண்டாகப் பிளந்து செதுக்கியதுதான் அந்தத் தேன் நிறக் கைப்பிடி. கடையம்மா குழாயை ஒருமுறைக்கு இருமுறை இரும்பால் அடைத்து, வெடிக்கும் புகை மேலே போவதற்கு உச்சியில் ஒரு துளையை விட்டார். எல்லாம் முடிந்ததும் கறுப்பும் வெள்ளையும் மரமுமாக அதைப் பார்த்து மூன்று பேரும் சிரித்தோம்.

ஆலை மைதானத்தில் சோதனை ஓட்டம் வைத்தோம். ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் சிலரையும் தாராபுரத்துப் பெண்ணோடு வரிசையில் நிறுத்தினேன். மேஸ்திரி ஸ்டூலின் மேல் ஏறினார். "ஆன் யுவர் மார்க்" என்றார். எல்லாரும் குனிந்தார்கள். "செட்" என்றார். பக்கத்தில் இருப்பவள் இடுப்பைத் தூக்குவதைப் பார்த்து இவளும் தூக்கினாள். துப்பாக்கி வெடித்தது. அடேயப்பா! வெள்ளைப் புகை குடைபோல விரிந்து மேலே போனது. கடையம்மா கைதட்டினார். பக்கத்து வேப்பமரத்திலிருந்த காக்காய்கள் எல்லாம் கிளம்பின. பெண்களெல்லாம் கிளம்பினார்கள். தாராபுரத்துக்காரி மட்டும் வைத்த கை வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

குனிந்து புறப்படும் ஓட்டக்காரி தரையைத்தான் பார்ப்பாள். இதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை என்னுடையது. ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை. மேஸ்திரிக்கும் தோன்றவில்லை. யோசித்தால் காரணம் தெரிகிறது. அவர் தறிக்கூடத்துக்காரர், நான் கையால் பேசும் பள்ளிக்காரி. இரண்டு பேரும் எதைச் சொல்வதானாலும் கண்ணுக்குச் சொல்லியே பழகியவர்கள். காது இல்லையென்றால் கண் என்பது எங்கள் இரத்தத்தில் ஊறிய முடிவு. வேறு யாராக இருந்தாலும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். இவ்வளவு பாடுபட்டு, ஊரில் இல்லாத சைஸில், கண்ணுக்கு விருந்தாக ஒரு புகையைச் செய்து, அதைக் கண் பார்க்காத இடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தோம். மேஸ்திரி ஸ்டூலைவிட்டு இறங்காமலே நின்றார். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க யாரையாவது திட்டலாமென்று சுற்றிலும் பார்த்தேன், ஆள் கிடைக்கவில்லை.

அவள்தான் எழுந்து வந்தாள். கை மண்ணைத் தட்டிவிட்டு மேஸ்திரியின் முன்னால் போய் நின்று, மீண்டும் வெடி என்று சைகை காட்டினாள். அவர் இறங்கி வந்து அவளிடமிருந்து நாலடி தள்ளி வானத்தைப் பார்த்து வெடித்தார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். வெடித்த கணத்தில் உடம்பு சிலிர்த்தது. கண்ணைத் திறந்து, நெஞ்சில் கையை வைத்து, இங்கே இடித்தது என்று காட்டினாள். பிறகு ஸ்டூலைக் காட்டினாள், அங்கிருந்து வரவில்லை. தனக்குப் பின்னால் தரையைக் காட்டினாள், இங்கே வந்து நில். பெரிய தோட்டா என்பதால்தான் அந்த இடி. இருபத்திரண்டாக இருந்திருந்தால் காதோரம் வைத்து வெடித்தாலும் நெஞ்சுக்கு வந்திருக்காது. மேஸ்திரியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அன்று அதை வெறும் மகிழ்ச்சி என்றுதான் எடுத்துக்கொண்டேன். கடையம்மா துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய், உச்சித் துளையை அடைத்து, இரண்டு பக்கமும் புதுத் துளை போட்டுக் கொடுத்தார். இடி மேலே போகாமல் பக்கவாட்டில் பரவியது. புகையின் அழகு போயிற்று. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எல்லாச் சோதனையிலும், மேஸ்திரி பின்னால் சில அடி தள்ளி நின்று வெடித்தால், அவள் மற்றவர்களோடு ஒன்றாகக் கிளம்பினாள்.

மாவட்டப் போட்டி நாள் வந்தது. அப்பா தாராபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். அவர் கையில் ஒரு காலி மஞ்சப்பை இருந்தது. அவளுடைய துணிமணிகளைப் போட்டுக்கொண்டு போவதற்கு. தகுதிச் சுற்றில் அவளுக்கு நடுத்தடம் கிடைத்தது. மேஸ்திரி ஓட்டக்காரிகளுக்குப் பின்னால் நடுவில் நின்று வெடித்தார். யாரும் எதையும் கவனிக்கவில்லை, அவள் சுலபமாக இறுதிச் சுற்றுக்கு வந்தாள். இறுதிச் சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கியபோது கடைசித் தடம் விழுந்தது. நடுவில் நின்றால் அங்கே இடி எட்டாது. மேஸ்திரி நேராகக் கடைசித் தடத்துக்குப் பின்னால் போய் நின்றார்.

ஒரு பெரிய பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் கையைத் தூக்கினார். அவருடைய மாணவி முதல் தடத்தில் இருந்தாள். கேட்டதில் தப்பொன்றும் இல்லை. "மேஸ்திரிங்க, நீங்க ஒரு பொண்ணுக்குப் பின்னால போய் நின்னா எப்படிங்க? எங்க பொண்ணுக்குச் சத்தம் தூரமாயிரும்ல? உங்களையே நாங்க நம்பி இருக்கறோம்" என்றார். அந்தக் கடைசி வார்த்தை மேஸ்திரியைக் குத்தியிருக்க வேண்டும். விளையாட்டுக் கழகச் செயலாளர் வந்தார், நடுவர்கள் வந்தார்கள், நானும் ஓடினேன். மேஸ்திரி எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் உங்க பொண்ணுக்குக் கேக்குமுங்க. எங்க நின்னு வெடிச்சாலும் கேக்கும். இந்தப் புள்ளைக்குச் சத்தம் போகாதுங்க, இடிதான் போகும். அது கிட்ட நின்னாத்தான் போகும்" என்றார்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன போகும் என்ன போகாதுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டார் செயலாளர்.

மேஸ்திரி ஒரு கணம் துப்பாக்கியைக் குனிந்து பார்த்தார். "எனக்கும் காது கேக்காதுங்க" என்றார். "தறிச் சத்தத்துல போயிருச்சுங்க. என்ற துப்பாக்கிச் சத்தத்தையே நான் கேட்டு வருசக்கணக்காச்சு. சுத்தியல் விழுகறதையும் புள்ளைங்க கிளம்பறதையும் பாத்துத்தான் இத்தனை நாளும் ஓட்டிட்டிருந்தேன்."

செயலாளர் மெதுவாக, "ஏனுங்க, இதை இத்தனை நாளும் சொல்லவே இல்லீங்களே" என்றார். "சொல்லியிருந்தா இதைய என்ற கையில குடுத்திருப்பீங்களா?" என்றார் மேஸ்திரி. அதில் கோபம் இல்லை. "இந்த ஒரு ஓட்டத்த நடத்திக் குடுத்தர்றேனுங்க. இதோட போதும். அப்புறம் துப்பாக்கிய நீங்களே வெச்சுக்கங்க." காது கேளாதவர் ஸ்டார்ட்டராக இருக்கக்கூடாது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வெள்ளைச் சட்டைதான் அவருக்குப் பெருமை. வாரம் ஆறு நாளும் பஞ்சுத் தூசியில் நிற்கிற மனிதரை ஊரே நிமிர்ந்து பார்த்த இடம் அந்த ஸ்டூல் ஒன்றுதான். அதை அவர் யாரும் கேட்காமல், ஒரு பந்தயத்துக்காக, கழற்றிக் கொடுத்துவிட்டார். என் வாயில் சினிமா ஓடுகிறதா என்று கேட்டவள் நான். ஆட்சேபம் சொன்ன ஆசிரியர்தான் முதலில் அசைந்தார். "எங்க பொண்ணு எங்க இருந்தாலும் ஓடுவாளுங்க. நீங்க அங்கேயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் மாணவியிடம் போனார். அவர் பெயரை நான் எழுதவில்லை, ஆனால் அவருக்கும் என் வணக்கம்.

இந்தக் கூத்தெல்லாம் நடந்தபோது என் பெண் தன் தடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் போய், மேஸ்திரிக்குக் காது கேட்காதாம் என்று சைகை செய்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆலை வாசலில் பார்த்த அன்றே தெரியுமே என்றாள் கையால். உங்களுக்குத் தெரியாதா?

"செட்" என்றார் மேஸ்திரி. வெடித்தது. எட்டுப் பெண்களும் ஒரே அலையாகக் கிளம்பினார்கள். அந்த ஒரு கணத்தில் எனக்குத் தேவையானது அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் கத்தியது ஈரோடு வரை கேட்டிருக்கும், அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. முதலாவதாக வந்தது அந்தப் பெரிய பள்ளிப் பெண். இரண்டாவது எங்கள் பெண். மூன்றாவதுக்கும் இவளுக்கும் நடுவில் ஓர் ஆள் புகுந்து போகலாம். அப்பா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு காலி மஞ்சப்பையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கடைசியில் அதைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, "படிக்கட்டுங்க டீச்சர்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்த மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டபோது நான் மேஸ்திரியைத் தேடினேன். அவர் முடிவுக்கோட்டுக்கு வரவே இல்லை. கடைசித் தடத்துக்குப் பின்னால் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். நான் ஓடிப் போய் இரண்டு விரலைக் காட்டினேன், இரண்டாவது, போகிறாள், மாநிலத்துக்குப் போகிறாள். அவர் தலையசைத்தார், ஆனால் நினைவு வேறெங்கோ இருந்தது. ஒரு கை நெஞ்சின்மேல் இருந்தது.

"டீச்சர், எனக்கும் கேட்டுச்சுங்க" என்றார்.

அன்று மாலையே துப்பாக்கியைத் துடைத்துச் செயலாளரிடம் கொடுத்துவிட்டார். கழகம் அதைப் பல வருடம் பயன்படுத்தியது. டப்பாவிலிருந்த தோட்டாக்கள் தீர்ந்ததும் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டது. தாராபுரத்துக்காரி மாநிலப் போட்டியில் பரிசொன்றும் வாங்கவில்லை. ஆனால் பன்னிரண்டாவது படித்தாள், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கினாள், பின்னாளில் அவள் சம்பளத்தில்தான் அந்த அப்பாவின் கண் ஆபரேஷன் நடந்தது. இப்போதெல்லாம் தடத்துக்குத் தடம் விளக்கு வைத்துத் துப்பாக்கியோடு சேர்த்து எரிய விடுகிறார்களாம், கேள்விப்படவே சந்தோஷமாக இருக்கிறது. எங்களிடம் அன்று விளக்கு இல்லை. ஒரு மனிதர் இருந்தார். அந்தப் பந்தயத்துக்குப் பிறகு அவர் எந்த ஓட்டத்தையும் தொடங்கி வைக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்கு வருவதை நிறுத்தவும் இல்லை. அதே கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து, எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, இனி எதையும் மறைக்க வேண்டியதில்லை என்பதால் இரண்டு கையையும் வீசி ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்.